பன்னிரண்டாவது வீட்டுக்கு ஆறு கிலோ உப்பு

மரக்காணம்
20.4.2025, ஞாயிறு

ஓசூர் மாநகரில் நான்கு சுவரும் ஒரு கூரையும் சொந்தமாக வாங்கிவிட்ட மகாராணி நிவேதா அவர்களுக்கு, உன் தாய்மாமனும் கிழக்குக் கடற்கரை உப்புக்கெல்லாம் ஏகச் சக்கரவர்த்தியும் (பாத்தி பதினெட்டு, அதுவும் குத்தகை) ஆகிய ராஜாங்கம் எழுதுவது.

நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. கோபத்தில் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. “எதுக்கு மாமா அவ்ளோ தூரம் உப்பு தூக்கிக்கினு வரீங்க? இங்க கடையிலயே பாக்கெட் உப்பு கிடைக்குது.” இந்த வார்த்தை காதில் விழுந்த நொடியில் மரக்காணத்து உப்பளத்தில் இருந்த குவியல்கள் அத்தனையும் வெட்கத்தில் ஒரு முழம் குனிந்துவிட்டன. கழுவெளி ஏரியில் நின்ற நாரைகள் அதிர்ச்சியில் இரண்டாவது காலையும் தரையில் ஊன்றின. கடல் அன்றைக்கு மத்தியானம் வரை பேசவில்லை. நானும் போனை வைத்துவிட்டேன்.

புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் உப்பு உள்ளே போக வேண்டும். உன் அம்மா சாமுண்டீஸ்வரி, என் ஒரே தங்கச்சி, கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறியிருக்கிறாள். பதினோரு வீட்டுக்கும் முதல் உப்பு என் பாத்தி உப்பு. இப்போது பன்னிரண்டாவது வீடு, சொந்த வீடு. அதற்குப் பாக்கெட் உப்பா?

ஆகவே சத்தியம் செய்திருக்கிறேன். என் உப்பு உன் வாசலில் இறங்கும் வரை உன்னோடு வாயைத் திறந்து ஒரு சொல் பேசமாட்டேன். போன் அடித்தாலும் எடுக்கமாட்டேன். எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் ஆறாம் தேதி உன் வீட்டில் பால் பொங்கும்போது பன்னிரண்டு கிலோ உப்பு அங்கே இருக்கும். வீட்டுக்கு ஒரு கிலோ கணக்கு. பஸ்ஸில் வரமாட்டேன், காரணம் கேட்காதே. என் பட்டத்து யானையில்தான் வருவேன். நூறு சிசி, பதினேழு வயது, இன்னும் இளமை குன்றவில்லை. நான் ஓட்ட, பின்னால் உன் அத்தை ஆண்டாள் வீற்றிருக்க, அவளுக்கும் பின்னால் உப்பு. அதற்காக வெல்டிங் சதீஷிடம் சொல்லி, கேரியரில் ஓர் இரும்பு டிரங்குப் பெட்டியை போல்ட் போட்டு முடுக்கியாகிவிட்டது. உப்பையும் நிரப்பியாகிவிட்டது. நேற்று கரை மேட்டில் ஏற்றினேன். முன்சக்கரம் தானாக எழுந்து வானத்துக்கு ஒரு வணக்கம் வைத்தது. வண்டிக்கே அவ்வளவு உற்சாகம்.

இப்படிக்கு,
பேசாத மாமன்
ராஜாங்கம்

(நிவேதா, கவர் ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தார். முன்சக்கரம் வணக்கம் வெச்சப்போ நான் பின்னால தரையில உக்காந்திருந்தேன். அத எழுதினாரான்னு தெரியல. — அத்தை)


ஓசூர்
26.4.2025

மாமா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாரை இரண்டாவது காலை ஊன்றிய இடத்தில் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு, “அண்ணனுக்கு இந்தக் கோபம் சின்ன வயசுலருந்தே இருக்குதுடி, நாம ஒண்ணும் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள். இங்கே யாரும் உங்களுக்காக அழவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் பாக்கெட் உப்பு என்று சொன்னது உப்பைப் பற்றி இல்லை. உங்கள் முட்டியைப் பற்றி. மார்கழியில் ஈரக் கரையில் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது வழுக்கி விழுந்தீர்களே, மறந்துவிட்டீர்களா? மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தீர்கள். “ஒரு திமிங்கலம் குறுக்கே வந்தது” என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். திமிங்கலம் இல்லை, அது சேறு என்று அத்தை என்னிடம் சொல்லிவிட்டார். மரக்காணத்திலிருந்து ஓசூர் இருநூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல். அதை அந்த முட்டியோடு, அந்த வண்டியில் வரப்போகிறேன் என்றால் நான் வேறு என்ன சொல்வேன்?

பஸ் ஏன் கூடாது என்று கேட்கக்கூடாது என்கிறீர்கள். சரி, கேட்கவில்லை. ஆனால் வண்டியில்தான் வருவேன் என்றால் ஒரு நிபந்தனை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். டூவீலர் சீட் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் சரி என்று முத்திரை குத்தாமல் ஒரு சீட் வெளியே போகாது. அதேபோல நான் சரி என்று எழுதாமல் அந்த வண்டி மரக்காணத்தை விட்டுக் கிளம்பக்கூடாது.

முதல் ஆய்வு முடிவு: தேறவில்லை. பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் எடை போனால் முன்சக்கரம் லேசாகும். அது உற்சாகம் இல்லை மாமா, அபாயம். திருப்பத்தில் ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது. அந்தப் பெட்டி காலியாகவே எத்தனை கிலோ இருக்கும்? பெட்டியைக் கழற்றுங்கள். அதோடு, இரும்புப் பெட்டியில் உப்பா? நிஜமாகவா?

நிவேதா


மரக்காணம்
2.5.2025

தரக்கட்டுப்பாட்டுத் துறையின் தலைமை நீதிபதி அவர்களுக்கு,

பெட்டியைக் கழற்றச் சொன்னீர்கள். உங்கள் உத்தரவு வந்து சேர்வதற்கு ஒரு நாள் முன்பே அது தானாகக் கழன்றுவிட்டது.

நான் நாற்பது வருடமாக உப்பளத்தில் நிற்கிறவன். உப்பு வாருகிற பலகை மரம். கூடை மூங்கில். இரும்புச் சாமான் எதையும் பாத்திப் பக்கம் நான் அண்டவிட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு நான் சொல்கிற முதல் வார்த்தையே, “ஏம்பா, கையில இரும்பு வளையம் கிளையம் இருந்தா கழட்டி வீட்ல வெச்சுட்டு வா, உப்பு தின்னுரும்” என்பதுதான். அந்த நானே போய், இரும்புப் பெட்டியில் உப்பை நிரப்பி, இரும்பு போல்ட்டால் முடுக்கி, பத்து நாள் கடற்காற்றில் நிறுத்தி வைத்திருக்கிறேன். புதுப்பெட்டியின் பெயின்ட் பளபளப்பில் நாற்பது வருட அறிவும் பறந்துவிட்டது. இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே.

நேற்று கூனிமேட்டுக்கு ஒரு ஓட்டம் விட்டேன். டீக்கடை எதிரே ஒரு சின்னப் பள்ளம். வண்டி பள்ளத்தைத் தாண்டியது, பெட்டி தாண்டவில்லை. போல்ட் நான்கும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. பெட்டியின் அடிப்பாகம் தனியே, மூடி தனியே, உப்பு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெள்ளைவெளேரென்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற போக்குவரத்து முழுவதையும் நிறுத்தினேன். நாலாயிரம் வண்டி நின்றது. (ஏழு — அத்தை.) “மிதிக்காதீங்க, உப்பு, மிதிக்காதீங்க” என்று கத்தினேன். டீக்கடை பாய் துடைப்பத்தோடு ஓடிவந்தார். தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு பேர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து கையால் வாரினார்கள். ஒரு லாரி டிரைவர் கேட்டார், “என்ன பெரியவரே, உப்புதானே?” என்று. நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் இறங்கி வந்து தானும் வாரினார். ஒரு கல் மிதிபடவில்லை. மண் கலந்ததைத் திரும்பக் கடலிலேயே சேர்த்தேன்.

இனி இரும்பு கிடையாது. புது யோசனை: கோட்டக்குப்பத்தில் சீட் கவர் தைக்கிறவரிடம் தார்ப்பாயில் இரண்டு பை தைக்கக் கொடுத்திருக்கிறேன். குதிரைக்குத் தொங்குவதுபோல வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. உன் அத்தை வழக்கம்போல ஒருபக்கமாகத்தான் உட்காருவாள், அவள் கால் இடப்பக்கம் வருமே என்று சந்தேகம் வந்தது. “இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரேன் ஆண்டாள்” என்று மிகுந்த பணிவோடு கேட்டேன். அவள் கையில் கரண்டி இருந்தது. ஆகவே வலப்பக்கம் மட்டும் ஒரு பை. எடை எட்டுக் கிலோவாகக் குறைந்திருக்கிறது. வண்டி கொஞ்சம் வலப்பக்கம் சாயும். நான் இடப்பக்கம் சாய்ந்து ஓட்டுவேன்.

இப்படிக்கு,
இரும்பைத் துறந்த
ராஜாங்கம்


ஓசூர்
8.5.2025

மாமா,

ஆபீஸ் கேன்டீனில் உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் என் சாப்பாடு ஆறிவிட்டது. பக்கத்து டேபிளில் “லவ் லெட்டரா?” என்று கேட்டார்கள். ஆமாம், அறுபது வயதுக்காரர் என்றேன்.

வலப்பக்கப் பையைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். சைலன்சர். திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் தார்ப்பாய் உருகிவிடும். தவிர, ஒரே பக்கம் எட்டுக் கிலோ தொங்க, நீங்கள் மறுபக்கம் சாய்ந்து, அத்தை எங்கே பிடிப்பது என்று தெரியாமல்... என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. இரண்டாவது ஆய்வு முடிவும் அதே. தேறவில்லை.

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும், போனில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். வீடு ரொம்பச் சின்னது மாமா. ஒரு ஹால், ஒரு ரூம். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் கதவுக்கு வெளியே நிற்கணும். நீங்கள் மகாராணி, பட்டத்து யானை என்றெல்லாம் எழுதும்போது, இவ்வளவு தூரம் வந்து இதைப் பார்த்துவிட்டு நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. கிண்டல் செய்தால் பரவாயில்லை. சும்மா இருந்தால்தான் தாங்காது.

அம்மா தினமும் சாயங்காலம் அந்தக் காலி வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். எதற்கு என்று கேட்டால், “காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பாக்கறேன்” என்கிறாள்.

இன்னொரு விஷயம். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. உங்கள் வண்டி வழியில் நின்றுவிட்டால் ஐயர் காத்திருக்க மாட்டார். அதனால் ஒரு கிலோ பாக்கெட் உப்பு வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஸ்பேர்தான். கோபப்படாதீர்கள்.

நிவேதா


மரக்காணம்
14.5.2025

நிவேதா,

பட்டம் எதுவும் போடவில்லை, கவனித்தாயா? ஸ்பேரா? உப்புக்கு ஸ்பேரா? நாளைக்கு உன் கல்யாணத்துக்கும் தாய்மாமன் ஒரு ஸ்பேர் வைத்துக்கொள்வாயா?

உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. பை நான்கு நாளைக்கு முன்பே உருகிவிட்டது. பெருமுக்கல் மலையடி வரை போனேன். திரும்பிப் பார்த்தால் பையில் கைப்பிடி அளவு ஓட்டை. மரக்காணத்திலிருந்து பெருமுக்கல் வரை சாலையின் வலது ஓரத்தில் வெள்ளைக்கோடு. நெடுஞ்சாலைத்துறை பார்த்தால் எனக்கு வேலை போட்டுக் கொடுத்துவிடும், அவ்வளவு நேர்க்கோடு. (வளைஞ்சு வளைஞ்சு இருந்தது. — அத்தை.) நல்லவேளை, ரோட்டோரத்தில் ஆடுகள் மேய்ந்தன. பின்னாலேயே நக்கிக்கொண்டு வந்துவிட்டன. ஒரு கல் மிதிபடவில்லை.

ஆனாலும் ராஜாங்கம் தோற்றவன் இல்லை. கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கிற தெய்வநாயகி ஒரு ஐஸ் பெட்டி கொடுத்தாள். பிளாஸ்டிக். துரு இல்லை, ஓட்டை இல்லை, உருகாது, வியர்க்காது. உன் அத்தை சீட்டில் ஒரு சாண் முன்னால் தள்ளி உட்கார்ந்தால் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே வருகிறது. பார்த்தாயா, அச்சு, எடை எல்லாம் எனக்கும் பேச வருகிறது. பழைய டியூபைப் பட்டை பட்டையாக வெட்டிக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டினேன். புயல் வந்தாலும் வண்டிதான் பறக்கும், பெட்டி பறக்காது.

ஒரே ஒரு சின்னக் குறை. அந்தப் பெட்டி பதினைந்து வருடமாக வஞ்சிரத்தோடும் சங்கராவோடும் குடும்பம் நடத்தியிருக்கிறது. புளி போட்டு ஏழு முறை கழுவினோம். வெயிலில் காயவைத்தோம். காய்ந்த பிறகு நாற்றம் இன்னும் தெளிவாக வந்தது. நான் வண்டியில் கடைவீதிக்குப் போனால் இப்போது எனக்கு மெய்க்காவல் படை இருக்கிறது. பத்தொன்பது பூனை. தபாலாபீஸ் வாசலில் நான் இறங்கினால் அவையும் உட்கார்ந்து காத்திருக்கின்றன.

உன் ஐயர் மூக்கு எப்படி? கூர்மையானதா?

வீடு சின்னது என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் நேரில்.

ராஜாங்கம்


ஓசூர்
20.5.2025

மாமா,

மீன் பெட்டி தேறவில்லை. ஐயரை விடுங்கள், அம்மாவே வாசலில் நிறுத்திவிடுவாள். பெட்டியைத் தெய்வநாயகி அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், பூனைகளையும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். திறந்து பாருங்கள்.

அது என் ஐடியா. பின்னால் அத்தை. இடப்பக்கம் அத்தை கால். வலப்பக்கம் சைலன்சர். பின்பக்கம் எடை ஏற்றினால் முன்சக்கரம் தூக்கும். அப்படியென்றால் மிச்சம் இருக்கிற இடம் ஒன்றுதான்: உங்களுக்கு முன்னால், பெட்ரோல் டேங்க். எங்கள் கம்பெனியில் சீட்டுக்கு வெட்டியது போக மிஞ்சும் ரெக்சினை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். தையல் பிரிவில் விஜயலட்சுமி அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாள் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். டேங்க் மேல் ஒரு பட்டை போகும், இரு பக்கமும் ஒவ்வொரு பை தொங்கும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை இருக்கிறது, ஈரம் கசியாது. கொக்கி, வளையம், ஜிப் எல்லாமே பிளாஸ்டிக். தேடிப் பாருங்கள், ஒரு குண்டூசி அளவு இரும்பு கிடையாது.

மாட்டும்போது இரண்டு விஷயம். கீழ்ப்பட்டையை என்ஜின் சூடு படாத இடத்தில் கொண்டுபோய்க் கட்டுங்கள். கட்டிய பிறகு வண்டியை நிறுத்தி வைத்து, ஹேண்டிலை இடக்கோடி வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். பையில் இடிக்கக்கூடாது. உங்கள் முட்டியும் இடிக்கக்கூடாது. அதற்காகத்தான் பையைச் சின்னதாகத் தைக்கச் சொன்னேன்.

பைக்கு மூன்று கிலோ. மொத்தம் ஆறு. அதற்கு மேல் ஒரு கல்கூட ஏற்றக்கூடாது. வீட்டுக்கு ஒரு கிலோ கணக்கு எனக்குத் தெரியும். வீட்டுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சம்மதித்தால் நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பாக்கெட் உப்பு என் வீட்டுக்குள் உங்கள் கண்ணில் படவே படாது. சத்தியம்.

நிவேதா


மரக்காணம்
28.5.2025

ரெக்சின் தேசத்துப் பேரரசிக்கு,

பை வந்தது. தபால்காரர் கொடுத்ததும் வாசலிலேயே பிரித்தேன். கறுப்பு ரெக்சின், சிவப்புத் தையல். மேல் மூடியில் சின்னதாக ‘ராஜா’ என்று நூலால் எழுதியிருக்கிறது. அது விஜயலட்சுமி அக்கா வேலையா, உன் வேலையா? யார் செய்திருந்தாலும் சரி. தெருவில் எல்லா வீட்டுக்கும் எடுத்துப்போய்க் காட்டினேன். எதிர்வீட்டு ஆதிமூலம், “டேய், வண்டிய விட பை நல்லாருக்குதுடா” என்றான். பொறாமை.

மாட்டுவதற்கு ஒரு நாள் முழுக்க ஆனது. முதல் தடவை ஹேண்டில் வலது கோடியில் பையை இடித்தது. பட்டையை இரண்டு விரல் பின்னால் தள்ளினேன். இடிக்கவில்லை. ஆனால் முட்டி இடித்தது. ஒரு விரல் முன்னால் தள்ளினேன். சரியாக உட்கார்ந்தது. கீழ்ப்பட்டையை ஃபிரேமில் கொண்டுபோய்க் கட்டினேன். பழைய டியூப் பட்டை ஒன்றையும் குறுக்கே போட்டேன். உன் பையில் நம்பிக்கை இல்லாமல் இல்லை, பழக்கம். பெட்ரோல் மூடியைத் திறக்க வேண்டுமென்றால் பட்டையை அவிழ்க்க வேண்டும் என்று மாட்டிய பிறகுதான் தெரிந்தது. தலைமை நீதிபதியும் ஒரு இடத்தில் சறுக்குவார் என்று கண்டு மனம் குளிர்ந்தேன்.

ஆறு கிலோ ஏற்றி, ஆண்டாளை ஏற்றி, பெருமுக்கல் வரை போய் வந்தேன். முன்சக்கரம் சாலையைப் பிடித்துக்கொண்டு போகிறது, பிள்ளை அம்மா விரலைப் பிடித்துக்கொண்டு போவதுபோல. இது மட்டும் பெருக்கி எழுதவில்லை.

நிவேதா, இப்போது பஸ் விஷயம். உன் அத்தை, “அத மட்டும் எழுதிடுங்க, பாவம் பொண்ணு” என்கிறாள்.

இப்போது நீங்கள் இருக்கிற பதினோராவது வீட்டுக்கு, ஓசூருக்கு, லாரியில் கொடுத்தனுப்பினேன். அதற்கு முந்தின பத்தாவது வீட்டுக்கு, வேலூருக்கு, பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன். கூட்டம். மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டார்கள். ஆரணி தாண்டுவதற்குள் வாய் அவிழ்ந்துவிட்டது. ஏறினவர் இறங்கினவர் எல்லாம் மிதித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார இடம் கிடைத்திருந்தது, எழுந்தால் போய்விடும் என்று உட்கார்ந்திருந்தேன். மிச்சத்தை அள்ளிக் கட்டி உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில்தான் உன் அப்பா படுக்கையில் விழுந்தார். உப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, டாக்டர் சொன்னது வேறு, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பஸ் சீட்டிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை போலத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த முறை பஸ் வேண்டாம், என் வண்டியிலேயே கொண்டுவருகிறேன் என்றேன். நீ அதைச் சரியாகக் கண்ணுக்கு முன்னாலேயே தொங்கவிட்டிருக்கிறாய். உனக்குத் தெரியாமலே.

சரி, போதும். நாலாம் தேதி காலை புறப்பாடு. திருவண்ணாமலையில் அத்தையின் சித்தி வீட்டில் தங்கல். ஐந்தாம் தேதி சாயங்காலம் உன் கோட்டை வாசல். யானைக்குப் பந்தல் போட்டு வை.

ராஜாங்கம்

(முட்டிக்கு எண்ணெய் தேச்சு விடறேன். ஒவ்வொரு முப்பது கிலோமீட்டருக்கும் நிறுத்தணும்னு நானும் சத்தியம் வாங்கிட்டேன். பயப்படாத. — அத்தை)


உன் வீட்டு வாசல்
5.6.2025, மாலை 4.10

மகாராணி,

வந்துவிட்டேன். சத்தியம் அமலில் இருப்பதால் கூப்பிட முடியவில்லை. ஹாரன் ஊத்தங்கரையில் செத்துவிட்டது. இதை அத்தை கையில் கொடுத்து அனுப்புகிறேன். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை, இறங்கினால் உப்போடுதான் இறங்குவேன். ஆறு கிலோவில் அரைக் கிலோ குறையும். செங்கத்தில் பஞ்சர் ஒட்டியவர் தன் மகளுக்கும் புது வீடு என்றார். நான் என்ன செய்யட்டும்? மீதியில் ஒரு கல் தரையைத் தொடவில்லை.

ஆய்வு செய்துவிட்டு உள்ளே விடு. தாகமாக இருக்கிறது.

ரா.


அதே தாளின் பின்பக்கம்

இறுதி ஆய்வு அறிக்கை.

வண்டி: செம்மண் நிறமாக மாறியிருக்கிறது, முன்பு என்ன நிறம் என்று ஞாபகமில்லை. பை: தையல் பிரியவில்லை, பட்டை நழுவவில்லை. ஓட்டியவர்: சட்டையெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது. முட்டியைத் தடவிக்கொள்கிறார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. நான் இரண்டு நிமிடமாக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முடிவு: தேறியது.

உப்பைக் கீழே வைக்காதீர்கள் மாமா. அம்மா முந்தானையை விரித்துக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருக்கிறாள். பஸ் கதையை அவளிடம் நான்தான் சொன்னேன், மன்னித்துவிடுங்கள். “அது எனக்கு அன்னிக்கே தெரியும்டி, உப்புல செருப்பு மண்ணு இருந்துச்சு. கழுவிட்டுத்தான் போட்டேன். அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல” என்றாள்.

இறங்கி வாருங்கள்.

நி.


மரக்காணம்
11.6.2025

துரோகிகளின் தலைவி நிவேதாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். யானை வழியில் ஒருமுறைகூட மண்டியிடவில்லை. உன் அத்தை இடுப்பு மட்டும் இரண்டு நாள் விடுப்புக் கேட்டது.

சத்தியம் முடிந்து நான் பேசிய முதல் வார்த்தை “தண்ணி” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். தவறு. முதலில் “சாமு” என்றேன். உன் அம்மாவுக்குக் கேட்டது. அவள் முந்தானை நிறைய உப்போடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் தண்ணீர் கேட்டேன்.

வீடு சின்னது என்றாயே. காலையில் பால் பொங்கும்போது சமையலறையில் எத்தனை பேர் நின்றோம் என்று எண்ணினாயா? ஐயரோடு சேர்த்து ஐந்து பேர், ஒரு அடுப்பு. யாரும் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. நான் பார்த்த அரண்மனைகளிலேயே அதுதான் பெரியது. நான் பார்த்த மற்ற அரண்மனைகள் எவை என்று கேட்காதே.

இனி முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

வெறும் பையோடு திரும்பக்கூடாது என்று உன் அம்மா முறுக்கும் ஓமப்பொடியும் போட்டு அனுப்பினாள். நேற்று வலப்பக்கப் பையைக் காலி செய்தேன். முறுக்குக்கு அடியில், பழைய துணியில் சுற்றி, ஒரு பாக்கெட் உப்பு. உப்பளத்து ஊருக்கு, உப்புக்காரன் வண்டியில், அவன் கையாலேயே, இருநூற்று அறுபது கிலோமீட்டர் பாக்கெட் உப்பைக் கடத்தி அனுப்பியிருக்கிறாய். உன் வீட்டுக்குள் என் கண்ணில் படாது என்று சத்தியம் செய்தாய், படவில்லை. என் வீட்டில் பட்டுவிட்டது. இந்த மூளைக்கு ஓசூர் தாங்காது, நீ டெல்லிக்குப் போக வேண்டியவள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பாக்கெட் பாதிதான் இருந்தது. வாயில் ரப்பர் பேண்டு. மிச்சப் பாதி எங்கே போயிற்று என்று யோசித்தேன். விருந்தில் நான் எழுந்து நின்று, “இந்தச் சாம்பாருக்கு உயிர் குடுத்தது என் மரக்காணத்து உப்பு” என்று ஐயர் உட்பட அத்தனை பேர் முன்னால் சொற்பொழிவாற்றினேனே. நீ தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாயே. உன் அம்மாவுக்கு இருமல் வந்ததே. அவள் என்னை மெச்சிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

தண்டனை என்ன தெரியுமா? பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். பதினெட்டாவது பாத்தியில் தண்ணீர் கட்டியிருந்தது. நடுவில் நின்று கொட்டினேன். இரண்டு நிமிடத்தில் கரைந்துவிட்டது. எங்கேயோ பிறந்து, உறைக்குள் அடைபட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் பயந்துபோய் நின்ற பிள்ளை. கடல்தண்ணீரோடு சேர்ந்துவிட்டது. இந்த வெயிலில் ஒரு வாரத்தில் மரக்காணத்து உப்பாக எழுந்து வரும். அதை வாரித் தனியாக வைப்பேன். ஆகவே நீ பதிமூன்றாவதாக ஒரு வீடு வாங்கு. கொஞ்சம் பெரிதாகவே வாங்கு.

பையை வண்டியிலிருந்து கழற்றவில்லை.

இப்படிக்கு,
இப்போது பேசுகிற மாமன்
ராஜாங்கம்

(நிவேதா, கவர் ஒட்டறதுக்கு முன்னால ஒண்ணு. அவர் பாத்திக்கு எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடியே அந்தப் பாக்கெட்லருந்து நான் ஒரு டப்பா நிறைய எடுத்து வெச்சுட்டேன். நேத்து ரசத்துக்கு அதான். “நம்ம உப்பு நம்ம உப்புதான்”னு சொல்லிக்கினே ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். இத அவர்கிட்ட சொல்லிடாத. மறுபடியும் பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணிடுவார். இன்னொரு தடவ ஓசூர் வரைக்கும் என் இடுப்பு தாங்காது. — அத்தை)